நான் நீக்கிய இரண்டு வரிகள்

ஒரு மனிதரின் காது கேளாமல் போனதற்கு நான் காரணம்.

தெரியாமல் நேர்ந்த பிழை என்று தொடங்கியிருக்கலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, தெரிந்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது. முழுதாக ஓராண்டு! அந்த ஓராண்டில்தான் அவருடைய காது அடியோடு போயிற்று.

இதை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களுக்கு என் முகம் தெரியாது. நாளை காய்கறிக் கடையில் நாம் எதிரெதிரே நின்றாலும் நீங்கள் என்னைக் கண்டுகொள்ளப் போவதில்லை. அந்தத் தைரியம் ஒன்றுதான்... வேறு எந்தத் தைரியமும் என்னிடம் கிடையாது.

நான் கணினிக்கு நிரல் எழுதுகிறவள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கீழே லேத் பட்டறை, மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி வரதன் சார், நான், எனக்கு உதவியாகக் கலைவாணி என்றொரு பெண். அவள் அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஆர்ப்பாட்டம் இல்லாத பெண். ஆனால் தப்பென்று பட்டால் எதிரே யார் இருந்தாலும் சொல்லிவிடுவாள். அந்தக் குணம் எனக்குப் பிடிக்காது என்பதை அன்றைக்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

நாங்கள் செய்தது காது சோதிக்கும் கருவி. தகடு வெட்டும் பவர் பிரஸ், சம்மட்டி, அரவை என்று நாள் முழுதும் இரைச்சலில் நிற்கும் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொரு முறை காதைச் சோதிக்க வேண்டும். ஹெட்போனை மாட்டி உட்கார வைப்பார்கள். மெல்லிய 'பீப்' ஒலி வரும். கேட்டதும் பொத்தானை அமுக்க வேண்டும். கேட்காவிட்டால் ஒலி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். கடைசியில் ஒரு சீட்டு வரும். அதில் சராசரி இழப்பு எவ்வளவு என்று ஓர் எண், கீழே காது நார்மலா, பழுதா என்று ஒரே வார்த்தை. அந்த வார்த்தையைப் பார்த்துத்தான் தொழிற்சாலைக்காரர்கள் ஆளை இரைச்சலிலேயே விடுவதா, வேறு பகுதிக்கு மாற்றுவதா என்று முடிவு செய்வார்கள்.

கருவிக்குள் ஒரு சிறிய கணினி. விலை குறைந்த போர்டு. அதில் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று, ஒலியை உண்டாக்குவது. மற்றது, அமுக்கிய பொத்தானைக் கொண்டு கணக்குப் போடுவது. தனித்தனிப் புரோகிராம்களாகத்தான் எழுதியிருந்தோம். சிக்கல் ஒலியில் வந்தது. போர்டுக்கு வேறு வேலை வந்துவிட்டால் ஒலி ஒரு கணம் தடுமாறி 'டிக்' என்று ஓர் ஓசை கிளம்பும். 'டிக்' கேட்டாலே அடுத்து 'பீப்' வரப்போகிறது என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். பரீட்சைக்கு முன்னாலேயே கேள்வித்தாள் வெளியானதுபோல!

வரதன் சார் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஏம்மா, டிக்கு டிக்குன்னு கேட்டா எவன்மா வாங்குவான்? வர வாரம் வந்து பாக்கறேங்கறாங்க!"

ஒரு மாதக் கெடு வாங்கலாம். நல்ல போர்டு வாங்கலாம். இரண்டையும் நான் சொல்லவில்லை. நான் சொன்னது வேறு. "ஒலியைக் கர்னலுக்குள்ளயே வெச்சிடலாம் சார்" என்றேன்.

கர்னல் என்பது இயங்குதளத்தின் நடுக்கரு. எந்தப் புரோகிராம் எப்போது ஓட வேண்டும், எதற்கு எவ்வளவு இடம் என்று ஆள்வது அது. வெளியே இருக்கும் புரோகிராம்கள் வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே இருப்பதற்கு வரிசையே இல்லை. நினைத்த நொடியில் தன் வேலையை முடித்துக்கொள்ளும். ஒலி உள்ளே போய்விட்டால் 'டிக்' இருக்காது.

கலைவாணி உடனே மறுத்தாள். "வேணாம்க்கா. ஒலி வேலை வெளியவே இருக்கட்டும். வெளிய இருந்து விழுந்தா அது மட்டும்தான் விழும், தூக்கி நிறுத்திக்கலாம். உள்ள ஒரு தப்பு நடந்தா மொத்தமும் போயிரும்க்கா. கர்னல் யாரையும் கேள்வி கேக்காது."

"விழாத மாதிரி எழுதினா போச்சு" என்றேன் நான்.

"அது இல்லக்கா... உள்ள போற அளவுக்கு இந்த வேலைக்கு என்ன அவசியம்? முன்னுரிமை கொடுத்துப் பாக்கலாம். எனக்குப் பத்து நாள் கொடுங்க, வெளிய வெச்சே டிக்கை நிறுத்திக் காட்டுறேன்."

பத்து நாள். அவ்வளவுதான் அவள் கேட்டது! நான் கொடுக்கவில்லை. அவளுக்குக் கர்னல் எழுத வராது, அதனால்தான் பயப்படுகிறாள் என்று வரதன் சார் எதிரிலேயே சொன்னேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று ஒரு பழமொழியும் எடுத்துவிட்டேன். சார் சிரித்தார். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

என்னுடைய கர்வம் உங்களுக்குப் புரிகிறதா? இந்தப் பேட்டை முழுதும் தேடினாலும் கர்னலுக்குள் எழுதுகிற பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த எண்ணம் எனக்கு உச்சந்தலையில் உட்கார்ந்திருந்தது. ஒலி உள்ளே இருக்க வேண்டுமா வெளியே இருக்க வேண்டுமா என்பது ஒரு நியாயமான கேள்வி. இரண்டு பக்கமும் வாதாடப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நானோ கேள்வியையே பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதினேன். இங்கேதான் நீங்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். என் குற்றம் முழுதும் இந்த ஒரு சிறு இடத்தில் இருக்கிறது.

ஒலிக் கணக்கு எல்லாம் தசம எண்களில் நடப்பது. ஆனால் கர்னலுக்குள் தசம எண்களைத் தொடக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. காரணம் எளியது. தசமக் கணக்குப் போடச் செயலிக்குள் சில இடங்கள்தான் இருக்கின்றன. அவை எல்லாருக்கும் பொது. ஒரு மளிகைக் கடையில் ஒரே தராசு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வெங்காயம் தட்டில் இருக்கிறது. கடைக்காரருக்கு அவசரமாக வேறொன்றை நிறுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வெங்காயத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தன்னுடையதை நிறுத்து முடித்ததும் வெங்காயத்தைத் திரும்ப அங்கேயே வைத்துவிட வேண்டும். வைக்காமல் போனால்? நீங்கள் திரும்பிப் பார்க்கும்போது தட்டில் அவருடைய இரண்டு மிளகு கிடக்கும். தராசு பொய் சொல்வதில்லை. மிளகின் எடையைக் காட்டும். நீங்கள் அதை வெங்காயத்தின் எடை என்று எழுதிக்கொள்வீர்கள்.

எடுத்து வைப்பதற்கு ஒரு வரி, திருப்பி வைப்பதற்கு ஒரு வரி. மொத்தம் இரண்டே வரிகள்.

முதலில், எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரே மறுத்தது. தசம எண் இங்கே ஆகாது என்றது. அந்தக் கட்டுப்பாட்டை என் கோப்புக்கு மட்டும் தளர்த்தினேன். அந்த இரண்டு வரிகளையும் எழுதினேன். முக்கியமான பகுதி சரியாக ஓடியது. இன்னொரு பகுதி மிச்சம் இருந்தது. ஒலி மிகவும் கூடினால் காதைத் தாக்காமல் அதை அடக்கும் பகுதி. அதை நான் வைத்திருந்த இடத்தில் அந்த இரண்டு வரிகளுக்கு அனுமதி இல்லை. கர்னல் எச்சரிக்கைமேல் எச்சரிக்கையாகத் திரையில் கொட்டியது. தசமத்தை விட்டு முழு எண்களில் அந்தப் பகுதியைத் திரும்ப எழுதியிருக்க வேண்டும். ஒரு வார வேலை. வாங்க வருகிறவர்கள் மறுநாள் வருகிறார்கள்.

அந்த இரண்டு வரிகளையும் நீக்கினேன். எச்சரிக்கை நின்றுவிட்டது! நிற்காமல் என்ன செய்யும்? எச்சரிக்கை வந்ததே அந்த வரிகளால்தானே.

இப்போதைக்கு என்றுதான் நீக்கினேன். வந்தவர்கள் போனதும் சரிசெய்துவிடலாம் என்று. வந்தார்கள், பார்த்தார்கள், 'டிக்' இல்லாத ஒலியைக் கேட்டுத் தலையாட்டினார்கள். கருவிகள் போயின. வரதன் சார் எல்லாருக்கும் பால்கோவா கொடுத்தார். நான் மறந்துபோனேன். சத்தியமாக மறந்துபோனேன்... இதையாவது நம்புங்கள்.

நாங்கள் சோதிக்கவில்லையா என்று கேட்பீர்கள். நூறு முறை சோதித்தோம். ஆனால் சோதித்தது யார்? நான், கலைவாணி, வரதன் சார். மூவருமே நல்ல காதுக்காரர்கள். மெல்லிய ஒலியிலேயே பொத்தானை அமுக்கிவிடுவோம். ஒலி கூடுகிற இடத்துக்கு நாங்கள் போனதே இல்லை. அந்த அடக்கும் பகுதி எங்கள் காதுகளுக்கு ஒருநாளும் ஓடியதே இல்லை.

இப்போது தனசேகர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நசரத்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே டென்னிஸ் பந்து கிரிக்கெட். அடுத்த தெருவில் இருக்கும் தனசேகர் அண்ணன்தான் நிரந்தர அம்பயர். பரம்பரையாக இங்கேயே பயிர் வைத்த குடும்பம். நிலம் போனபின் அவர் திருமழிசையில் ஒரு தொழிற்சாலையில் பவர் பிரஸ் ஓட்டினார். என்னைவிட மூன்று வயது பெரியவர். ஆனாலும் படித்த பெண்கள் எல்லாரும் அவருக்கு அக்காதான்.

டென்னிஸ் பந்து மட்டையின் ஓரத்தில் உரசினால் சத்தமே வராது. கையில் மட்டை வைத்திருக்கிறவனுக்கே சில சமயம் தெரியாது. அண்ணனுக்குக் கேட்கும். அந்தக் கோடியில் நின்றுகொண்டு விரலைத் தூக்குவார். அவர் தூக்கிவிட்டால் மறுபேச்சு இல்லை. பூந்தமல்லி, திருமழிசை என்று சுற்றுப்பக்கத்துக் குழுக்கள் பந்தயம் வைத்தால் அம்பயருக்கு ஆள் அனுப்புவது இவருக்குத்தான். "எட்ஜு கேக்கறவன் இந்த ஏரியாலயே நான் ஒர்த்தன்தான் யக்கா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். வேறெதைப் பற்றியும் அவர் பெருமை பேசிக் கேட்டதில்லை.

அவருடைய தொழிற்சாலை எங்கள் கருவியை வாங்கியது. அவரும் அதில் உட்கார்ந்து எழுந்தார். சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் எங்கள் வாசலுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்து நீட்டினார்.

"யக்கா, இது நீ பண்ண மெசினுதானே? இத்த கொஞ்சம் பாத்து சொல்லு. நார்மல்னு போட்டுகீது."

"நல்லதுதானேண்ணா?"

"நல்லதுதான். ஆனா எனுக்கு காதுக்குள்ள கொய்ங்னு ஒண்ணு ஓடிகினே கீது யக்கா. இன்னிக்கு ரெண்டு எட்ஜு உட்டுட்டேன். பசங்கோ கலாய்க்கிறானுங்கோ. சூப்பர்வைசராண்ட சொன்னா, சீட்டுல நார்மல்னு கீது, நீ இன்னா வேல மாத்திக்க நடிக்கிறியான்றான். நீயே சொல்லு, மெசினு தப்பா சொல்லுமா?"

நான் சீட்டைப் பார்த்தேன். சராசரி இழப்பு சுழியத்தை ஒட்டி இருந்தது. அவ்வளவு நல்ல காது எனக்கே கிடையாது. இருபத்தைந்து ஆண்டு பிரஸ் ஓட்டியவருக்குக் குழந்தையின் காது! அந்த இரண்டு வரிகள் நினைவுக்கு வந்துவிட்டன. ஆம், வாசற்படியிலேயே வந்துவிட்டன.

"மெஷின் சரியாத்தான் இருக்கும்ணா. காதுல அழுக்கு அடைச்சிருக்கும். ரெண்டு சொட்டு மருந்து விடுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதானே! மெசினு எதுக்கு யக்கா பொய் சொல்லப் போவுது? நாந்தான் சும்மா பயந்துகினேன்" என்று சீட்டை மடித்து வைத்துக்கொண்டு போனார். தன் காது சொன்னதை விட்டுவிட்டு என் வார்த்தையை நம்பினார்.

மறுநாள் அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். காது கேளாதவள்போல, ஒலி மிகவும் கூடியபிறகே பொத்தானை அமுக்கினேன். 'பழுது' என்று வந்தது. அப்பாடா என்றிருந்தது. இன்னொரு முறை. பழுது. மூன்றாவது முறையும் பழுதுதான். ஏழாவது முறை 'நார்மல்' என்று வந்தது.

இருபது முறை செய்து பார்த்தேன். மூன்று முறை நார்மல்.

என்ன நடந்தது தெரிகிறதா? ஒலி கூடும்போது அந்த அடக்கும் பகுதி ஓடுகிறது. அதே கணத்தில் வெளியே கணக்குப் போடும் புரோகிராம் சராசரியைத் தட்டில் வைத்திருந்தால், என் கர்னல் அதைத் தள்ளிவிட்டுத் தன்னுடைய எண்ணைப் போட்டுவிட்டுப் போகிறது. அந்த எண் எப்போதும் சுழியத்தை ஒட்டிய மிகச் சிறிய எண். காது இழப்பு சுழியம் என்றால் அருமையான காது என்று பொருள். நல்ல காது உள்ளவருக்கு ஒலி அந்த அளவுக்குக் கூடுவதே இல்லை. ஆகவே அவருக்குத் தப்பு நேராது. யாருக்குக் கேட்கவில்லையோ அவருக்கு மட்டும்தான் கருவி பொய் சொல்லும்! நல்லபடியாகச் சொல்லும் என்பதால் எவரும் புகாரும் செய்ய மாட்டார்கள்.

கலைவாணி பயந்தது கருவி விழுந்துவிடும் என்று. விழுந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! திரை கறுத்து, கருவி நின்று, அந்தத் தொழிற்சாலையிலிருந்து எங்களைத் திட்டிக்கொண்டு போன் வந்திருக்கும். அது விழவில்லை. ஜம்மென்று நின்று வேலை செய்தது.

பராமரிப்பு என்று சொல்லித் திருமழிசைக்குப் போனேன். கருவிக்குள் ஒவ்வொருவரும் எந்த அளவு ஒலியில் பொத்தானை அமுக்கினார்கள் என்ற மூலப் பதிவு இருக்கும். தனசேகர் அண்ணனுடைய வரிசையைத் தேடினேன். இருந்தது. இரண்டு காதிலும், உயர்ந்த சுருதிகளில், மிக உரத்த ஒலிக்குத்தான் அமுக்கியிருக்கிறார். பழுது. ஐயமே இல்லாத பழுது. அதே அறையின் சுவருக்கு அப்பால் அவருடைய பிரஸ் தடால் தடால் என்று இறங்கிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பத்து அடி நடந்து மேலாளரிடம் "இந்தச் சீட்டு தப்பு, இவரை இன்றே மாற்றுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்! அன்றைக்கு அவருக்குக் காது மிச்சம் இருந்தது. பேச்சு கேட்டது. எட்ஜுதான் கேட்கவில்லை.

பேசாமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஒரு வாரத்தில் அந்தப் பகுதியை முழு எண்களில் திரும்ப எழுதினேன். சரியாக எழுதினேன், நேர்த்தியாக எழுதினேன். எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பினேன். மாற்றக் குறிப்பில் 'ஒலித்தர மேம்பாடு' என்று இரண்டே சொல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதென்பார்கள். நான் மறைத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்... எழுதிவிடுகிறேன். அந்தப் புதிய பதிப்பு போய் உட்கார்ந்ததும் பழைய மூலப் பதிவுகள் அழியும்படி செய்தேன். நினைவகத்தில் இடம் மிச்சம் பிடிக்க என்று காரணம் எழுதினேன். எத்தனை பேருடைய சீட்டுகள் தப்பென்று இனி எவராலும் கண்டுபிடிக்க முடியாது. என்னாலும் முடியாது.

தனசேகர் அண்ணனுடைய அந்த ஒரு வரிசையை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

கலைவாணிக்கு ஏதோ பட்டுவிட்டது. "அக்கா, ஒலி நல்லாத்தானே இருந்தது. எதை மேம்படுத்தினீங்க?" என்று கேட்டாள். "உனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன். இரண்டு மாதத்தில் வேறு இடம் தேடிப் போய்விட்டாள். போகிற நாளன்று சாக்லெட் கொடுத்து, "உடம்பப் பாத்துக்கோங்கக்கா, ரொம்ப இளைச்சிட்டீங்க" என்றாள். அவள் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. விழவில்லை.

பயத்தால்தான் சொல்லவில்லை என்றால் நீங்கள் இரக்கப்படுவீர்கள். பயமும் இருந்தது. கம்பெனி மூழ்கிவிடும், வரதன் சார் தெருவுக்கு வந்துவிடுவார் என்று என்னென்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது வேறு. சொன்னால் கலைவாணி சொன்னது சரியென்று ஆகிவிடும். கேவலம், அதற்காக! ஓர் இளம்பெண்ணிடம் தோற்கக்கூடாது என்பதற்காக ஒரு மனிதரைப் பிரஸ் முன்னால் நிற்க விட்டேன்.

அந்த ஓராண்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியிலிருந்து பார்ப்பேன். அண்ணன் ஒவ்வொரு பந்துக்கும் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்க முயல்வார். கேட்காதபோது மட்டைக்காரன் முகத்தைப் பார்த்து ஊகிப்பார். சில நாள் ஊகம் பலிக்கும். சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருந்தார் என்று அவர் மனைவி சொன்னாள்.

மறு ஆண்டுச் சோதனை வந்தது. இப்போது கருவி உண்மை சொல்லும் கருவி. இரண்டு காதும் கடும் பழுது என்று சீட்டில் வந்துவிட்டது.

தொழிற்சாலையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? போன ஆண்டு நார்மல்; ஒரே ஆண்டில் இவ்வளவு கெடாது; ஆகவே இது எங்கள் இரைச்சலால் வந்ததில்லை, வெளியே எங்கோ கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய் என்றார்கள். வேலைக்குத் தகுதி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். என் பொய்ச் சீட்டையே சாட்சியாகக் காட்டி அனுப்பினார்கள்!

இரண்டு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தார். இப்போது உரக்கப் பேசினார். தன் குரல் தனக்குக் கேட்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

"யக்கா, ஒரே ஒரு லெட்டர் குடு யக்கா. போன வருசம் மெசினு தப்பா காட்டியிருக்கலாம்னு நீ எயுதிக் குடுத்தா போதும். நீ பண்ண மெசினு, நீ சொன்னா கேப்பானுங்கோ. வேல வோணாம் யக்கா... நான் நடிச்சேன்னு சொல்றானுங்களே, அத்த மட்டும் இல்லன்னு ஆக்கிக் குடு."

அவருக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திச் சொன்னேன். "விசாரிச்சுச் சொல்றேன்ணா!"

தெரு முழுதும் கேட்டது. நான் ஒரு பொய்யை அத்தனை உரக்கச் சொன்னது அதுதான் முதல்முறை.

மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அதையே கத்தினேன். அப்புறம் வரவில்லை. கோபம் எல்லாம் இல்லை. வழியில் பார்த்தால் சிரிப்பார். படித்தவர்களுக்கு ஆயிரம் வேலை என்று நினைத்துக்கொண்டிருப்பார். இப்போது ஒரு குடோனில் அட்டைப் பெட்டி அடுக்குகிறார்.

கடிதத்தை எழுதிவிட்டேன். நம்புங்கள், எழுதிவிட்டேன். தப்பு எங்கே நடந்தது, எந்த வரிகள், யார் நீக்கினார், எல்லாம் இருக்கிறது. பட்டன் டப்பாவில் பென் டிரைவோடு மடித்துக் கிடக்கிறது. கிழிந்த சட்டைக்குப் பட்டன் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் விரலில் படும். கையெழுத்து மட்டும் இன்னும் போடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே ஆட்டம். அண்ணன் இன்னும் அம்பயராக நிற்கிறார். எடுத்துவிட யாருக்கும் மனசு வரவில்லை. ஒரு பந்து மட்டையின் ஓரத்தை உரசிக்கொண்டு கீப்பர் கைக்குப் போயிற்று. சின்ன ஓசை, நகத்தைத் தட்டியது போல. எனக்கு மாடிவரை கேட்டது.

எல்லாரும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். அண்ணன் மட்டைக்காரன் முகத்தைப் பார்த்தார். அவன் அசையவில்லை. "நாட் அவுட்டு" என்றார்.

சண்டை மூண்டது. பந்து போட்டவன் அவர் காதருகே போய், "இன்னா நைனா, டொக்குனு கேட்டுச்சே! காது கீதா இல்லையா?" என்று கத்தினான். அந்த வார்த்தை அவருக்குக் கேட்டுவிட்டது. முகம் வெளிறிச் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"யக்கா! நீ மேலேர்ந்து பாத்துகினுதானே இருந்தே? நீ சொல்லு. பட்டுச்சா?"

ஆட்டமே நின்று என்னைப் பார்த்தது.

சொல்லியிருக்கலாம். பட்டதென்று தலையை ஆட்டினால் போதும். அதிலிருந்து மற்றதையும் சொல்லத் தொடங்கியிருக்கலாம்... கீழே இறங்கிப் போய், அந்த டப்பாவை எடுத்து, அவர் கையில் கொடுத்திருக்கலாம்.

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"பாத்தியாடா! யக்காவுக்கே கேக்கலியாம்! போய் பந்து போடு, போ!" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முன்பு ஒரு தரம் பார்த்திருக்கிறேன், சீட்டை மடித்து வைத்துக்கொண்டு வாசற்படி இறங்கியபோது. பந்து போட்டவன் மட்டும் நகராமல் என்னை முறைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தெரியும், எனக்குக் கேட்டதென்று.

அண்ணன் என்னைப் பார்த்து நன்றியோடு கையை அசைத்தார். நானும் அசைத்தேன்.